சாமி முன்னால் சத்தியம் செய்யச் சொன்னால்

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து என்னிடம் வருகிற திருட்டுப் புகார்களில் பலவற்றுக்கு, போலீசுக்கு முன்பே ஒரு விசாரணை முடிந்திருக்கும். பங்களாவில் மோதிரம் காணோம், வேலைக்கு வரும் பெண்மேல் சந்தேகம். "நீ எடுக்கலைன்னா தலையில தண்ணி ஊத்திக்கிட்டு ஈரச் சேலையோட கோயிலுக்கு வா, கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணு" என்பார்கள். தயங்கினால் அன்றே அவள் திருடி. சத்தியம் செய்தாலும் தீராது. அடுத்த மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மறுபடி திருடி.

தண்ணீரிடம் தீர்ப்புக் கேட்கும் பழக்கம் மிகப் பழையது. சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனின் ஹமுராபி சட்டப்படி, சூனியம் வைத்ததாகப் பழி விழுந்தவர் ஆற்றில் குதிக்க வேண்டும். மூழ்கினால் குற்றவாளி, அவர் வீடு புகார் சொன்னவருக்குப் போய்விடும். பிழைத்து வந்தால் புகார் சொன்னவருக்கு மரணம். இங்கிலாந்தில் இது அப்படியே தலைகீழ். கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி. நம் பழைய தர்ம நூலான யாக்ஞவல்கிய ஸ்மிருதியிலும் ஜலப் பரீட்சை உண்டு. எய்த அம்பை ஒருவன் ஓடிப்போய் எடுத்துவரும் வரை, தண்ணீருக்குள் மூச்சடக்கி முங்கியே இருக்க வேண்டும்.

ஒரே ஆள், ஒரே தண்ணீர். மூழ்கினால் பாபிலோனில் குற்றவாளி, இங்கிலாந்தில் யோக்கியன்! நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோர் மிதப்பார்கள், மூச்சை விட்டுவிட்டால் அமிழ்வார்கள், அவ்வளவுதான். திடீரென்று குளிர்ந்த தண்ணீர் மேலே பட்டால் மூச்சு தன்னால் இழுக்கும், அடக்க முடியாது. மார்கழியில் ஊட்டியில் தலைக்குக் குளித்தவர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. கோயில் வாசலில் ஈரச் சேலையோடு நிற்பவள் நடுங்குவதும் வார்த்தை குழறுவதும் அதனால்தான். கூடியிருப்பவர்கள் அதைக் குற்ற உணர்ச்சி என்று படிக்கிறார்கள்.

1215இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பெரிய கூட்டமான லாட்டரன் சங்கம், பாதிரியார்கள் இந்தச் சோதனைகளை நடத்தித் தரக்கூடாது என்று தடுத்தது. சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் நீதிமன்றங்களும் கைவிட்டன. ஆனால் கும்பல் விடவில்லை. 1751இல் டிரிங் என்ற ஊரில் ரூத் ஆஸ்போர்ன் என்ற வயதான பெண்ணைச் சூனியக்காரி என்று குளத்தில் இழுத்துக் கொன்றார்கள். முன்னின்று நடத்திய தாமஸ் கோலியைக் கொலைக்குற்றத்துக்காகத் தூக்கில் போட்டது நீதிமன்றம்.

நம் நாட்டிலும் 1873ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. "எதிராளி இன்ன சாமிமேல் சத்தியம் செய்தால் ஒத்துக்கொள்கிறேன்" என்று ஒரு தரப்பு சொல்லலாம். எதிராளி செய்துவிட்டால், சொன்னவரை அது முழுசாகக் கட்டும். 1969இல் வந்த புதிய சட்டத்தில் அந்த ஏற்பாடு இல்லை. உண்மை கண்டறியும் கருவி, மருந்து கொடுத்து அரை மயக்கத்தில் பேச வைக்கும் நார்கோ சோதனை இரண்டையும்கூட ஒருவர் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்று 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீசுக்கே இல்லாத அதிகாரம் பங்களா முதலாளிக்கோ ஊர்ப் பெரியவருக்கோ எங்கிருந்து வரும்?

சரி, உங்களைக் கூப்பிட்டால் என்ன செய்வது? மறுக்கலாம். மறுத்ததை வைத்து உங்களைத் திருடர் என்று எந்த நீதிமன்றமும் முடிவுகட்டாது; எடுத்தீர்கள் என்று நிரூபிப்பது குற்றம் சாட்டுபவர் தரப்பின் வேலை. அறையில் பூட்டி வைத்தால் அது தனிக் குற்றம். ஒப்புக்கொள்ள வைக்கவோ பொருளைத் திருப்பி வாங்கவோ அடித்தால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 120ஆம் பிரிவின்படி 7 ஆண்டுவரை சிறை. யார் கூப்பிட்டார்கள், யார் யார் அங்கே இருந்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள், காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.