அலாரம் ‘ஆஃப்’ ஆனால் ஏன் அலறுகிறது?

‘தி அலாரம் வென்ட் ஆஃப்’ என்று ஓர் ஆங்கிலேயர் சொன்னால் அலாரம் அடித்தது என்று பொருள். நம் ஊரில் ‘ஆஃப் ஆயிடுச்சு’ என்றால் நின்றுவிட்டது. சரி, அவர்கள் எப்போதும் நமக்கு நேர்மாறாகப் பேசுகிறார்களா என்றால் அதுவும் இல்லை. ‘தி லைட்ஸ் வென்ட் ஆஃப்’ என்றால் விளக்குகள் அணைந்தன. ‘தி மில்க் வென்ட் ஆஃப்’ என்றால் பால் கெட்டுவிட்டது. அதே இரண்டு சொற்கள்தான். அலாரத்தைத் தொடங்கி வைக்கின்றன, விளக்கை நிறுத்துகின்றன, பாலைக் கெடுக்கின்றன.

சூட்சுமம் ‘ஆஃப்’ என்ற குட்டிச் சொல்லில் இருக்கிறது. ஒட்டியிருந்த இடத்தை விட்டு விலகுவதுதான் அதன் அடிப்படைப் பொருள். உடம்பை விட்டுச் சட்டை கழல்வதும் ‘டேக் ஆஃப்’, தரையை விட்டு விமானம் எழும்புவதும் ‘டேக் ஆஃப்’. எதை விட்டு விலகுகிறது என்று பார்த்தால் போதும். விளக்கு எரிந்துகொண்டிருந்த நிலையை விட்டு விலகுகிறது, பால் நல்ல நிலையை விட்டு. அலாரமோ சும்மா கிடந்த நிலையை விட்டுக் கிளம்புகிறது. துப்பாக்கி வெடித்தாலும் இதே ‘கோ ஆஃப்’தான்.

இப்படி வினையும் குட்டிச் சொல்லும் சேர்ந்து வருவதை ஃபிரேசல் வெர்ப் என்கிறார்கள். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, அயல்மொழிக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் பெரும்பாடு இதுதான் என்று எழுதிவிட்டார். பெயர் மட்டும் தாமதமாக வந்தது. லோகன் பியர்சால் ஸ்மித் 1925-இல் வெளியான தன் நூலில் அதைப் பரப்பினார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொல்லிக்கொடுத்த பெயர் அது.

குட்டிச் சொற்களில் பெரிய வில்லன் ‘அப்’. மேல்நோக்கி என்பது எல்லோருக்கும் தெரியும். பொருள்கள் குவியக் குவிய உயரம் கூடும். அதனால் ‘மேலே’ என்பது ‘அதிகம்’ ஆகிறது. விலை ஏறியது, காய்ச்சல் இறங்கியது என்று நாமும் அப்படித்தான் பேசுகிறோம். வேகம் கூடினால் ‘ஸ்பீட் அப்’, டிவி சத்தத்தைக் கூட்டினால் ‘டர்ன் அப்’. இது ஒரு கிளை. குடத்தில் நீர் ஏறி ஏறி விளிம்பைத் தொட்டதும் நிரப்பும் வேலை முடிகிறது. அங்கிருந்து ‘முழுக்க, மிச்சமில்லாமல்’ என்ற பொருள் கிளைக்கிறது: ‘ஃபில் அப்’, ‘யூஸ் அப்’, ‘ஈட் அப்’. சாப்பாட்டைத் தீர்க்கும்போது எதுவும் மேலே போவதில்லை, ஆனாலும் ‘அப்’ ஒட்டிக்கொண்டது. மூன்றாவது கிளை பார்வை சம்பந்தப்பட்டது. அடியில் கிடப்பது கண்ணில் படாது, மேலே வந்தால் படும். அதனால் ஓர் ஆள் வந்து சேர்ந்தாலும் ‘டர்ன் அப்’, தொலைந்த சாவி கிடைத்தாலும் ‘டர்ன் அப்’. டிவி சத்தமும் தொலைந்த சாவியும் ஒரே சொல்லில் வந்து நிற்பது இப்படித்தான். சூசன் லிண்ட்னர் 1981-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வு, ‘அப்’, ‘அவுட்’ இரண்டின் பொருள்களும் எப்படிப் பிரிந்து பரவின என்று விரிவாக ஆராய்ந்தது.

இந்த மனப்படங்கள் நினைவில் வைக்க உதவும், பொருளை முன்கூட்டிச் சொல்ல உதவாது. இல்லாவிட்டால் ‘ஸ்லோ அப்’, ‘ஸ்லோ டவுன்’ இரண்டுக்கும் வேகம் குறைவது என்று ஒரே பொருள் இருக்குமா? படிவத்தை ‘ஃபில் இன்’ செய்தாலும் ‘ஃபில் அவுட்’ செய்தாலும் வேலை ஒன்றுதான். ‘புட் அப் வித்’ ஏன் சகித்துக்கொள்வது ஆனது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்கள், விடை தெரிந்தபின் போட்ட கணக்கு மாதிரிதான் எனக்குப் படுகின்றன. நம்மிடமும் இது உண்டு. ஆங்கிலம் குட்டிச் சொல்லை ஒட்டும் இடத்தில் தமிழ் இன்னொரு வினையை ஒட்டுகிறது. ‘போடு’, ‘கொடு’ இரண்டும் தெரிந்த வெளிநாட்டுக்காரர் ‘போட்டுக்கொடுத்துட்டான்’ என்பதைக் கேட்டால் விழிக்கத்தான் வேண்டும்.

அப்படியானால் மூளை இவற்றை அவ்வப்போது கூட்டிப் பொருள் காண்கிறதா, முழுச் சொல்லாகச் சேமித்து வைத்திருக்கிறதா? பெர்ட் காப்பெல், யூரி ஷ்டிரோவ், ஃப்ரீடெமன் புல்வர்முல்லர் மூவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் மூளையின் காந்தப்புல மாற்றங்களை அளந்தார்கள். வழக்கில் உள்ள ‘ஹீட் அப்’, ‘கூல் டவுன்’ ஒருபுறம். யாரும் சொல்லாத ‘ஹீட் டவுன்’, ‘கூல் அப்’ மறுபுறம். இலக்கண விதிப்படி கூட்டுவது மட்டும்தான் நடக்கிறது என்றால், பொருந்தாத ஜோடிக்கே மூளை அதிகம் துள்ள வேண்டும். நடந்தது நேர்மாறு. வழக்கில் உள்ள ஜோடிகளுக்குத்தான் துடிப்பு பலமாக இருந்தது. நினைவில் ஏற்கெனவே இருக்கும் ஒரு சொல்லைக் கேட்டால் மூளை காட்டும் துடிப்பு அது. இரண்டு துண்டாக எழுதினாலும் மூளைக்கு அது ஒரே சொல்.

இலக்கணத்திலும் இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. மலைமேல் ஓடுவது ‘ரன் அப் எ ஹில்’, கடன் ஏற்றிக்கொள்வது ‘ரன் அப் எ பில்’. முதலாவதை ‘அப் த ஹில் ஹி ரேன்’ என்று திருப்பிப் போடலாம். இரண்டாவதில் ‘அப்’பைப் பிரித்து பில்லோடு முன்னால் கொண்டுபோனால் வாக்கியமே உடைந்துவிடும்.

பள்ளியில் புத்தக ஆங்கிலம் படித்த நாம் ‘புட் ஆஃப்’ என்று சொல்வதற்குப் பதில் ‘போஸ்ட்போன்’ என்கிறோம். அது போதாதென்று அதற்கு எதிர்ச்சொல்லாக ‘ப்ரீபோன்’ என்பதும் இந்திய அலுவலகங்களில் புழங்குகிறது. ஒற்றைச் சொல்லுக்கு ஓடுவது நம் பழக்கம் மட்டுமில்லை. ஹீப்ரு பேசும் மாணவர்களும் ஃபிரேசல் வெர்பைத் தவிர்த்து ஒற்றை வினையையே நாடுகிறார்கள் என்று 1985-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஓடத் தேவையில்லை என்கின்றன எண்கள். கார்ட்னரும் டேவிஸும் 2007-இல் பிரிட்டிஷ் ஆங்கிலப் பேச்சையும் எழுத்தையும் சேர்த்துவைத்த தொகுப்பு ஒன்றை அலசியபோது, 100 ஃபிரேசல் வெர்ப்கள் மட்டுமே மொத்தப் பயன்பாட்டில் பாதிக்கு மேல் பிடித்திருந்தன. அந்த நூறுக்கும் 559 பொருள்கள் என்று கணக்குப் போட்டதும் பலருக்கு மயக்கம் வந்திருக்கும். அப்புறம் 2015-இல் கார்னியேவும் ஷ்மிட்டும் 150 ஃபிரேசல் வெர்ப்களை எடுத்து, உண்மையில் அடிக்கடி வரும் பொருள்களை மட்டும் சலித்தார்கள். எஞ்சியது 288. ஒன்றுக்குச் சராசரியாக இரண்டு பொருள்கூட இல்லை.