குரூப் எடுப்பதோடு முடிகிற விஷயமா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் தருமபுரியில் என் ஆலோசனை அறைக்கு வருகிற பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: "சார், பையனுக்கு எந்த குரூப் போட்டா வேலை கிடைக்கும்?" பென்னாகரத்துக்காரரும் இதையே கேட்கிறார், அரூர்க்காரரும் இதையே கேட்கிறார். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் படிப்பு பிள்ளையின் குணத்தில் என்ன செய்யும் என்று யாரும் கேட்டதில்லை. அது பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, அதே பிள்ளைகள் கணவன் மனைவியாக வந்து உட்காரும்போது தெரிகிறது.

அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ஓசூர் சிப்காட்டில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கும் மெக்கானிக்கல் இன்ஜினியர். மனைவி நர்சிங் படித்தவர். வந்ததும் அவர் மொபைலில் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து நீட்டினார். தேதி, சண்டைக்குக் காரணம், ஆரம்பித்தது யார், எத்தனை நாள் பேச்சில்லை என்று கட்டம் கட்டமாக நிரப்பியிருந்தார். காரணத்தைப் பிடித்துவிட்டால் கோளாறு தீர்ந்துவிடும் என்று மனதார நம்பினார். எட்டிப் பார்த்த மனைவி, "நான் என்ன ரிஜெக்ட் ஆன பார்ட்டா?" என்றார்.

கோபம் நியாயம்தான். ஆனால் அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கணவர் கொஞ்சம் பேசாமல் இருந்தால் "பிபி பார்த்தீங்களா, ராத்திரி தூங்கினீங்களா" என்று ஆரம்பித்துவிடுவார். மனிதருக்கு மனவருத்தம், வீட்டில் நடப்பதோ வார்டு ரவுண்ட்ஸ். இரண்டு பேரிடமும் அக்கறைக்குக் குறைவில்லை. அதைக் காட்டத் தெரிந்த வழி மட்டும் கல்லூரியில் பழகியது.

படிக்கிற பாடம் யோசிக்கிற விதத்தை மாற்றுகிறதா என்று 1988-ல் அமெரிக்காவில் லேமன், லெம்பர்ட், நிஸ்பெட் என்ற ஆய்வாளர்கள் முதுநிலை மாணவர்களிடம் சோதித்தார்கள். உளவியலும் மருத்துவமும் படித்தவர்கள் அன்றாட விஷயங்களில்கூட, ஒன்றிரண்டு சம்பவத்தை வைத்து முடிவுக்கு வராமல் புள்ளியியல் கண்ணோடு யோசிப்பதில் நன்றாகத் தேறியிருந்தார்கள். வேதியியல் மாணவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. வேதியியல் மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. எதைத் தினமும் பழக்குகிறார்களோ அதுதானே படியும். பொருளாதாரம் படித்தவர்கள் மற்றவர்களோடு ஒத்துழைப்பது குறைவு என்று 1993-ல் ஃபிராங்க், கிலோவிச், ரீகன் எழுதினார்கள். படிப்பு அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவர்கள்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்களா என்ற வாதமும் உண்டு. என் அனுபவத்தில் இரண்டும் கலந்துதான் இருக்கிறது.

இதற்காக குரூப்பை மாற்றச் சொல்ல மாட்டேன். சயின்ஸ் குரூப் பிள்ளையிடம் ஒரு மாத வீட்டுக் கணக்கைக் கொடுங்கள்: பால்காரர் பாக்கி, சீட்டுப் பணம், தக்காளி விலை விழுந்த வாரத்தில் கைக்கு வந்தது எவ்வளவு என்பது வரை. காமர்ஸ் பிள்ளை பாட்டியை ஓபிக்கு அழைத்துப் போய், டாக்டர் சொன்னதைக் கேட்டு வந்து வீட்டில் விளக்கட்டும். வரலாறு பத்தாவதோடு நின்றுபோன பிள்ளைகளை ஒரு லீவு நாளில் தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். மொபைலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது.