எபிகார்டியல் கொழுப்பு: இதயமேற்கொழுப்பு

சர்க்கரை நோயாளி ஒருவரிடம் "உங்கள் இதயத்தின் மேல் கொழுப்பு கூடியிருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். "போன மாதம்தான் கொழுப்பு டெஸ்ட் எடுத்தேன், நார்மல்" என்பார். அவர் மேல் தப்பில்லை. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலுக்கும் உறுப்புகளின் மேல் படியும் கொழுப்புக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். திமிருக்கும் அதே சொல்தான். அது இங்கே வேண்டாம்.

எபிகார்டியல் என்பது கிரேக்க வேர்களால் ஆனது. 'எபி' மேலே, 'கார்டியா' இதயம். இதயத் தசைக்கும் அதைப் போர்த்திய மெல்லிய உள்ளுறைக்கும் நடுவே உள்ள கொழுப்பு இது. 'பெரி' என்றால் சுற்றி. பெரிகார்டியல் கொழுப்பு இதயத்தின் வெளியுறைக்கும் அப்பால் கிடப்பது. ஆய்வுக் கட்டுரைகளிலேயே இரண்டும் குழம்பிக் கிடப்பதுண்டு. எபிகார்டியல் கொழுப்புக்கும் தசைக்கும் நடுவே தடுப்புச் சவ்வு கிடையாது, இரண்டுக்கும் ரத்தம் தருவதும் ஒரே நாளங்கள். ஆகவே அந்தக் கொழுப்பு எதைச் சுரந்தாலும் நேரே தசைக்குப் போகும். அளவோடு இருந்தால் நல்லது: தசைக்கு எரிபொருள் தரும், அதிர்ச்சி தாங்கும். மிகுந்தால் அழற்சிப் பொருள்களைக் கசியவிடும். உடல் எடையைவிட வயிற்றுக்குள் சேரும் கொழுப்போடுதான் இதற்கு உறவு அதிகம். ஒல்லியானவருக்கும் இருக்கலாம்.

தமிழில் என்ன சொல்வது? 'நிணம்' பழைய, அழகான சொல். ஆனால் நிணநீர் என்று வேறொன்றுக்குப் போய்விட்டது. திரும்ப இழுத்தால் குழப்பம்தான். 'இதயமேற்கொழுப்பு' என்பதே என் தேர்வு. வெளியுறைக்கு அப்பால் உள்ளதை 'இதயப்புறக் கொழுப்பு' எனலாம். தசைச் செல்லுக்குள்ளேயே சேர்வது மூன்றாவது வகை, ஸ்டியடோசிஸ். 'ஸ்டியர்' என்றால் கிரேக்கத்தில் கெட்டிக் கொழுப்பு. 'தசையுள் கொழுப்பு' என்றால் போதும்.

இந்தக் கொழுப்புகள் மிகுந்த சர்க்கரை நோயாளிகளிடம் முதலில் தடுமாறுவது பெரும்பாலும் இதயத்தின் டயஸ்டோல், அதாவது ரத்தம் நிரம்ப இதயம் விரியும் கட்டம். கிரேக்கத்தில் அதற்குப் 'பிரித்து வைத்தல்' என்று பொருள். கிரேக்க யாப்பிலும் அது கலைச்சொல்: குறிலை நீட்டினால் டயஸ்டோல், நெடிலைக் குறுக்கினால் சிஸ்டோல். நன்னூல் படித்தவருக்கு நீட்டல், குறுக்கல் விகாரங்கள் நினைவுக்கு வரும். இதயத்துக்கு விரிவு, சுருக்கம் என்கிறோம். 'தளர்வு' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. ஏதோ ஓய்வு போல ஒலிக்கிறது. உண்மையில் தசை விரிய, சுருங்கும்போது செல்லுக்குள் இருக்கும் கிடங்கிலிருந்து வெளிவந்த கால்சியத்தைத் திரும்ப அங்கேயே இறைக்க வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். எரிபொருளைப் பயன்படுத்தும் விதம் கெட்டு, தசையும் விறைத்துப்போன இதயத்தில் சுருக்கத்துக்கு முன்பே விரிவு குன்றுவதற்கு இது ஒரு காரணம்.

எக்கோ ரிப்போர்ட்டில் 'கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' என்று வருவது இதுதான்: முதல்நிலை விரிவுக் குறை. அதே தாளில் வெளியேற்ற அளவு (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 60 சதவீதம், இயல்பு என்றும் இருக்கும். இரண்டும் முரண் அல்ல. ஒன்று சுருக்கத்தின் கணக்கு, மற்றது விரிவின் கணக்கு. வயது ஏறினாலும், ரத்தக் கொதிப்பு இருந்தாலும் இந்த வரி வரும் என்பதால் அதை வைத்துக் கொழுப்பை மட்டும் குற்றம் சாட்ட முடியாது. கொழுப்பின் தடிமனை எக்கோவிலேயே தனியாக அளக்கலாம், பருமனைச் சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன்களில். வழக்கமான எக்கோ ரிப்போர்ட்டில் அந்த அளவு பெரும்பாலும் இருக்காது.

1972-இல் ஷெர்லி ரூப்ளரும் உடனாய்வாளர்களும் இதயம் செயலிழந்து இறந்த நான்கு சர்க்கரை நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். இதயம் பழுதானதற்குக் காரணம் சொல்லும்படியான கரோனரி அடைப்பு, அதாவது இதயத்துக்கு ரத்தம் தரும் நாளங்களில் அடைப்பு, அவர்களிடம் இல்லை. 'டயபெட்டிக் கார்டியோமயோபதி' என்ற பேச்சு அங்கிருந்து வலுத்தது. 'மயோ' தசை, 'பதி' நோய். நீரிழிவு இதயத்தசை நோய். இதயமேற்கொழுப்பு அதன் ஒரே காரணம் அல்ல, ஆனால் எடை குறைந்தாலும் உடற்பயிற்சி செய்தாலும் கரையக்கூடியது.