தொறப்புக்குச்சி: ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு நல்ல தமிழ்ச்சொல்

காங்கேயத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். இணைச்சீர் என்னும் கல்யாணச் சடங்குக்கு வேண்டிய சாமான் முழுவதும் காருக்குள் இருந்தது. காரோ பூட்டிக் கிடந்தது. ரிமோட்டை அழுத்தினால் 'டிக்' சத்தமும் இல்லை, விளக்கும் மின்னவில்லை. கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தும் அழுத்திப் பார்த்தாயிற்று. மண்டபத்துக்குள்ளிருந்து, சீர்களை நடத்தி வைக்கும் அருமைக்காரர், நேரமாகிறது என்று ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். கண்ணாடி இடுக்கில் ஸ்கேலை விட்டு நெம்பலாம் என்றார் ஒருவர். சர்வீஸ்காரனைக் கூப்பிடுங்கள் என்றார் இன்னொருவர். அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, மெதுவாக நடந்து வந்து, நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இதுக்குத் தொறப்புக்குச்சி ஒண்ணு இருக்கோணுமல்ல?" என்று கேட்டார்.

இருந்தது. எங்கள் கையிலேயே இருந்தது. ரிமோட்டின் பக்கவாட்டில் ஒரு சிறு குமிழ் உண்டு. அதைத் தள்ளிப் பிடித்து இழுத்தால் உள்ளே செருகியிருக்கும் இரும்புச் சாவி தனியாக வெளியே வரும். ரிமோட்டைத்தான் எல்லோரும் சாவி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அதனால் அது செத்ததும் சாவியே இல்லாமல் போய்விட்டது போலத் தோன்றியது. உள்ளே இருக்கும் குச்சிக்கு எங்களிடம் தனிப்பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அது நினைவுக்கும் வரவில்லை. அம்மிச்சியிடம் பெயர் இருந்தது, ஆகையால் கேட்டார். இந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

தொறப்புக்குச்சி கொங்கு வழக்கு. திறப்பு என்பதும் குச்சி என்பதும் சேர்ந்த சொல். 'பிறந்தது' பேச்சில் 'பொறந்தது' ஆவதைப் போலத் 'திறந்தது' 'தொறந்தது' ஆகும். சாளைக்கும் (தோட்டத்து வீடு) ஆசாரத்துக்கும் (வீட்டு முன்கூடம்) போட்ட பழைய மரக்கதவுகளின் பூட்டுக்கு நீண்ட இரும்புக் குச்சிதான் சாவி. நுனியில் இரண்டு பல் இருக்கும், மறுமுனையில் கயிறு கட்ட வளையம். அதைப் பார்த்தவர்களுக்குக் 'குச்சி' என்ற சொல் விளக்கம் இல்லாமலே புரியும். குச்சியை விட்டுவிட்டுத் தொறப்பு என்று மட்டும் சொல்பவர்களும் உண்டு. ஈழத்துத் தமிழிலும் திறப்பு என்றால் சாவிதான். கடலுக்கு அந்தப் பக்கமும் நொய்யல் கரையிலும் ஒரே சொல் புழங்குகிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சரி, சாவி எங்கிருந்து வந்தது? போர்ச்சுகீசியத்திலிருந்து. அவர்கள் மொழியில் சாவிக்கு 'ஷாவ்' என்பதை ஒட்டிய ஒலிப்பு, அதற்கு மூலம் 'கிளாவிஸ்' என்னும் லத்தீன் சொல். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பின் அவர்களோடு வந்த வீட்டுச் சாமான்களின் பெயர்கள் நம் வீடுகளில் குடியேறின. ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் அவர்கள் தந்தவை. அலமாரி வந்த வழியிலேயே அதைத் திறக்கும் சாவியும் வந்தது. நம் கழுத்தடியில் உள்ள காறை எலும்பை மருத்துவர்கள் கிளாவிக்கிள் என்கிறார்களே, அதுவும் 'கிளாவிஸ்' வழி வந்ததுதான். 'சிறு சாவி' என்பது அதன் பொருள்.

ஆனால் போர்ச்சுகீசியர் வருவதற்கு முன்பும் தமிழில் 'சாவி' என்று ஒரு சொல் இருந்தது. அதற்கும் பூட்டுக்கும் சம்பந்தம் இல்லை. மணி பிடிக்காமல் காய்ந்துபோன கதிரைச் சாவி என்பார்கள். 'சா' என்னும் வேரில் பிறந்த சொல் அது. மழை பொய்த்த வருடம் "சோளம் பூரா சாவியாப் போச்சு" என்று ஒரு விவசாயி சொன்னால் அதில் இருப்பது அந்தச் சாவி. உருவமும் ஒலியும் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு சொற்கள். கடிகாரத்துக்குச் 'சாவி கொடுப்பது' கடல் கடந்து வந்த சாவியின் பிள்ளை. 'சாவிப் பயிர்' நம் மண்ணின் சாவி. இரண்டையும் ஒரே சொல் என்று எண்ணிக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

சாவி வருவதற்கு முன் நம்மவர்கள் அந்தப் பொருளை என்னவென்று சொன்னார்கள்? இங்கேதான் இந்தச் சொல்லின் கதை எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறது. தொல்காப்பியத்தின் புள்ளிமயங்கியலில் ஒரு நூற்பா: "தாழென் கிளவி கோலொடு புணரின் அக்கிடை வருதல் உரித்தும் ஆகும்." தாழ் என்ற சொல் கோல் என்ற சொல்லோடு சேரும்போது நடுவில் 'அக்கு' என்னும் சாரியை வரலாம், அப்போது தாழக்கோல் என்றாகும் என்பது பொருள். தாழைத் திறக்கும் கோல். சாவியின் பெயர் எப்படிப் புணரும் என்று சொல்வதற்காகவே இலக்கணத்தில் ஒரு விதி வைத்திருக்கிறார் தொல்காப்பியர். அந்தச் சொல் அன்றைக்கு எவ்வளவு புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

'தாழ்' என்பது கதவை உள்ளிருந்து தடுக்கும் தடி. இன்றைய தாழ்ப்பாளில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. "அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ்" என்று வள்ளுவர் கேட்டது இந்தத் தாழைத்தான். காமத்துப்பாலில் "நாணுத்தாழ் வீழ்த்த கதவு" என்று இன்னொரு இடத்தில் வருகிறது. நாணம் என்ற தாழைப் போட்டு அடைத்த நிறை என்னும் கதவைக் காமம் என்ற கோடரி உடைத்துவிடுகிறதாம். வள்ளுவர் காலத்திலும் கதவு திறக்காவிட்டால் கோடரியைத் தூக்கியிருக்கிறார்கள். நாங்கள் அன்று ஸ்கேலைத் தேடினோம்.

தாழக்கோல் நம் பேச்சிலிருந்து போய்விட்டது. ஆனால் ரொம்ப தூரம் போகவில்லை. கோயமுத்தூரிலிருந்து வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழைந்து ஒரு டீக்கடையில் சாவிக்கு என்ன பெயர் என்று கேட்டுப் பாருங்கள். 'தாக்கோல்' என்பார்கள். தாழும் கோலும் சேர்ந்த அதே சொல், நடுவில் கொஞ்சம் தேய்ந்துபோய். அங்கே பூட்டுக்குப் பெயர் இன்றைக்கும் 'தாழ்' தான். வடக்கே தாளவாடிப் பக்கம் கன்னடம் பேசுபவர்கள் 'பீகத கை' என்பார்கள், பூட்டின் கை என்று பொருள். கோயமுத்தூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் 'தாளம்செவி'. குச்சி, கோல், கை, செவி என்று ஒவ்வொருவரும் ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள்.

பூட்டு என்ற சொல்லையும் தொடாமல் விட முடியாது. உண் என்பதிலிருந்து ஊட்டு, காண் என்பதிலிருந்து காட்டு வருவதைப் போலப் பூண் என்பதிலிருந்து வந்தது பூட்டு. பூணச் செய்வது, பிணைப்பது என்பதே அதன் அடிப்படைப் பொருள். ஏர் பூட்டுவதும் வில்லில் நாண் பூட்டுவதும் இதே வினைதான். பாட்டுக்குப் பொருள் கொள்ளும் முறைகளாக நன்னூல் சொல்லும் எட்டுப் பொருள்கோள்களில் ஒன்றுக்கு விற்பூட்டு என்று பெயர். பாட்டின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் வில்லின் இரு முனைகளைப் போல வந்து பிணைந்துகொள்ளும்.

அம்மிச்சியின் சிறுவயதில் "வண்டி பூட்டியாச்சா?" என்றால் காளைகளை நுகத்தில் பிணைத்தாயிற்றா, கிளம்பலாமா என்று கேட்பதாகப் பொருள். காங்கேயம் காளை இரண்டைப் பூட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டு, திரும்பி வந்ததும் வண்டியை அவிழ்த்து விடுவார்கள். வண்டி பூட்டினால் பயணம் தொடங்கும். இப்போது வண்டியைப் பூட்டினால் பயணம் முடிந்துவிட்டது என்று பொருள். ஒரே தொடர் ஒரே ஆயுளில் நேர் எதிராகத் திரும்பியிருக்கிறது. ரேக்ளா ஓட்டுபவர்களிடம் மட்டும் பழைய பொருள் இன்னும் மாறவில்லை.

இனி ரிமோட். இதற்கும் மூலம் லத்தீன்தான், தள்ளி வைக்கப்பட்டது என்று பொருள். காரைத் தூரத்திலிருந்து திறக்கும் இந்த வசதி 1982இல் பிரான்சின் ரெனோ ஃபுயேகோ காரில் முதலில் வந்தது. உருவாக்கியவர் பால் லிப்ஷுட்ஸ். அவருடைய பெயரின் தொடக்கத்தை எடுத்துச் சேர்த்துப் 'பிளிப்' என்று ஒரு சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆக்கிக்கொண்டார்கள். புதுப்பொருள் வந்த உடனே தம் மொழியில் வாய்க்கு இசைந்த ஒரு பெயரைச் சூட்டிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். தமிழில் தொலையியக்கி என்ற சொல் டிவி ரிமோட்டுக்கு ஏற்கெனவே இருக்கிறது. கார்ச் சாவிக்குத் தொலைத்திறவுகோல் என்று சொல்லலாம். தவறில்லை, பொருளும் சரியாக அமைகிறது. ஆனால் பேச்சில் ரிமோட் நிலைத்துவிட்டது, அதை விரட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. திறவுகோல் என்பது எழுத்துக்கு உரிய பொதுச்சொல். நான் கேட்பதெல்லாம் உள்ளே இருக்கும் அந்த இரும்புக்குப் பெயர் வேண்டும் என்பதுதான். சர்வீஸ் சென்டரில் 'எமர்ஜென்சி கீ' என்கிறார்கள், சிலர் 'மெக்கானிக்கல் கீ' என்கிறார்கள். இரண்டையும்விடத் தொறப்புக்குச்சி நன்றாக இருக்கிறது. குச்சியாகவே இருக்கிறது, திறக்கவும் செய்கிறது.

அன்று அந்தக் குச்சியை வெளியே எடுத்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது. கதவில் துளையைக் காணோம். டிரைவர் பக்கக் கைப்பிடியின் ஓரத்தில், கார் நிறத்திலேயே ஒரு சின்ன மூடி இருந்தது. கைப்பிடியின் அடிப்பக்கம் விரலால் தடவியபோது மெல்லிய பிளவு ஒன்று தட்டுப்பட்டது. குச்சியின் நுனியை அதில் கீழிருந்து வைத்து மெதுவாக நெம்ப, மூடி கழன்று கைக்கு வந்தது. உள்ளே சாவித்துளை, விளிம்பில் செம்மண் தூசி. வாங்கிய நாளிலிருந்து யாரும் அதில் சாவி நுழைத்ததில்லை. குச்சி முதலில் பாதியில் நின்றது. ஊதிவிட்டு மறுபடி நுழைத்துத் திருப்பினோம், 'டக்' என்று திறந்தது. திறந்த அடுத்த நொடி அலாரம் அலறியது, மண்டபமே திரும்பிப் பார்த்தது. பயப்பட வேண்டியதில்லை. ரிமோட் இல்லாமல் குச்சியால் திறந்தால் பல வண்டிகளில் அப்படித்தான் கத்தும், வண்டி தன் சாவியை அடையாளம் கண்டதும் நின்றுவிடும்.

ரிமோட்டின் பேட்டரி செத்தாலும் அந்த அடையாளம் காட்டும் வேலை நிற்காது. ரிமோட்டுக்குள் பேட்டரி தேவைப்படாத ஒரு சில்லு இருக்கிறது. வண்டியிலுள்ள கம்பிச்சுருள் உண்டாக்கும் மின்காந்தப் புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு அது பதில் சொல்லும். மிக அருகில் இருந்தால்தான் முடியும். அதனால் ரிமோட்டையே ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு அழுத்த வேண்டும். சில வண்டிகளில் இதற்கென வேறு இடம் இருக்கும், கையேட்டில் போட்டிருப்பார்கள். எங்கள் வண்டி முதல் அழுத்தலிலேயே கிளம்பியது, அலாரமும் நின்றது. சீர்ச்சாமான் உள்ளே போனது.

பேட்டரியை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பெரும்பாலும் சிஆர் 2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். அந்த எண்ணே அளவைச் சொல்லிவிடும். முதல் இரண்டு இலக்கம் 20 மில்லிமீட்டர் குறுக்களவு, அடுத்த இரண்டு 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 என்றால் தடிமன் 2.5. பழையதில் உள்ள எண்ணையே பார்த்து வாங்க வேண்டும்.

சில நேரம் ரிமோட் நன்றாக இருக்கும், காரின் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கும். ரிமோட்டின் சமிக்ஞையைக் கேட்கவும் பூட்டை நகர்த்தவும் காருக்குள் மின்சாரம் வேண்டுமே. அப்போதும் தொறப்புக்குச்சி வேலை செய்யும். ஆனால் பெரும்பாலும் டிரைவர் கதவு ஒன்றுதான் திறக்கும், மற்றவற்றை உள்ளிருந்து கைவிட்டுத் திறக்க வேண்டும். பிறகு பானட்டைத் திறந்து வேறு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் கிளப்பலாம். குழந்தையோ முதியவரோ உள்ளே மாட்டிக்கொண்டால் மட்டும் இதையெல்லாம் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் பூட்டிய கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். 112க்குப் போன் போட்டுக்கொண்டே, உள்ளே இருப்பவருக்குத் தள்ளி இருக்கும் பக்கக் கண்ணாடியின் மூலையில் கனமான கூர்ப்பொருளால் அடித்து உடைத்துவிட வேண்டும். முன்கண்ணாடியில் அடித்துப் பயனில்லை. இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது அது, விரிசல் விடுமே தவிர வழி விடாது.

கோட்டைக் கதவில் திட்டிவாசல் என்று ஒன்று இருக்கும். பெரிய கதவைத் திறக்காமல் ஓர் ஆள் மட்டும் குனிந்து நுழையும் சிறு கதவு. கைப்பிடி மூடிக்குள் ஒளிந்திருக்கும் அந்தத் துளையைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் மின்சாரத்திடம் விட்ட பிறகும், செய்தவர்கள் ஒரு சின்ன வாசலை விட்டு வைத்திருக்கிறார்கள்.

எழுதும்போது எப்படி எழுதுவது என்று கேட்கலாம். பேச்சைப் பதிவு செய்யும் இடத்தில் தொறப்புக்குச்சி என்றே எழுதலாம். கட்டுரையில், கையேட்டில், கடைப் பலகையில் திறப்புக்குச்சி என்று எழுதினால் எல்லா ஊர்க்காரர்களுக்கும் புரியும். இரண்டிலும் நடுவில் 'க்' வர வேண்டும்.