சிஓஇ முடியப்போகிற வண்டிக்கு சஸ்பென்ஷன் வேலை தேவையா?

"அண்ணே, சிஓஇ முடிய இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருக்கு. இதுக்குப் போய் செலவு பண்ணணுமா?" சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் எங்கள் பட்டறைக்கு வரும் பழைய கார்க்காரர்களில் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். சிஓஇ என்பது இங்கே கார் வைத்திருக்க வாங்கும், காலக்கெடு உள்ள உரிமைச் சான்றிதழ். அதனால் நியாயமான கேள்விதான். ஆனால் சக்கரத்தை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷனில் எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

சக்கரப் பகுதியைச் சஸ்பென்ஷன் கையோடு சேர்க்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் என்றால் மிச்சமுள்ள மாதங்களை எண்ணவே கூடாது. அதன் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறிவிடும், மழைத்தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். அதற்குப் பிறகு தேய்மானம் வேகமாக நடக்கும். முழுக்கக் கழன்றால் சக்கரம் பக்கவாட்டில் மடங்கிவிடும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்போம். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்வோம். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பெரும்பாலும் பேரிங் கோளாறு. நிற்கவில்லை என்றால் பால் ஜாயின்ட் மேல்தான் சந்தேகம். அந்தக் கீழ்ப்பக்கக் கையான லோயர் ஆர்முக்கு அடியில் கம்பி கொடுத்து நெம்பினால் தெரிந்துவிடும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டும் இதே வகைதான். இவை இரண்டிலும் ஆட்டம் இருந்தால், மாற்றாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். அதிலும் வார இறுதியில் பாலம் தாண்டி ஜொகூர் பக்கம் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

குலுக்கலை அடக்கும் அப்சார்பர் விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம். மேலே லேசாக எண்ணெய் பூசினாற்போல் தூசி ஒட்டியிருந்தால் பயமில்லை. நனைந்து வழிந்தால் மாற்ற வேண்டியதுதான். டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். ஆங்காங்கே பள்ளம் விழுந்ததுபோல் மேடுபள்ளமாக இருந்தால், டயர் தரையில் சரியாகப் படியவில்லை என்று அர்த்தம். ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது அதன் விளைவு தெரியும். மாற்றினால் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

உலோகப் பாகங்கள் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் துண்டான புஷ்தான் உண்மையில் யோசித்து முடிவெடுக்க வேண்டிய இடம். நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ரப்பரில் மேலோட்டமான வெடிப்பு வராத பழைய வண்டி அரிது. அதைக் காட்டி மாற்றச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். ரப்பர் உலோகத்தைவிட்டுப் பிரிந்திருந்தாலோ, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்தாலோ காத்திருக்காதீர்கள். மாற்றும்போது ஒன்று கவனியுங்கள்: புஷ் போல்ட்டுகளின் கடைசி முறுக்கு, வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகே இருக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், புதியதும் சீக்கிரம் கிழியும். அப்புறம் வீல் அலைன்மென்ட்டும், அதாவது சக்கரங்களின் கோணமும், பார்த்துவிடுங்கள்.

ஹம்ப் (வேகத்தடை) ஏறும்போது கேட்கும் 'டக் டக்' பல வண்டிகளில், வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க்தான். செலவு குறைவு, வேலையும் சின்னது.

பத்து வயது தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. அதில் தேறியது அன்றைய நிலைக்குத்தான். இடைப்பட்ட மாதங்களில் உறை கிழியலாம், எண்ணெய் கசியலாம்.

சிஓஇயைப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்குக் கணக்கே வேறு. 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் அதன்பின் நீட்டிக்க முடியாது. 10 ஆண்டு என்றால் வண்டி இன்னும் ரொம்ப தூரம் ஓட வேண்டும். எதுவானாலும் பணம் கட்டுவதற்கு முன்பே வண்டியைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். தேய்ந்ததை எல்லாம் ஒரே தடவையில் மாற்றினால் கூலியும் அலைன்மென்ட்டும் ஒருமுறையோடு போகும்.