ஹைப்போகாண்ட்ரியா: நோயச்சம்

நெஞ்செலும்பு முடிந்து வயிறு தொடங்கும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினால், சின்னதாகக் கெட்டியாக ஒன்று தட்டுப்படும். ஒருநாள் குளிக்கும்போது எனக்குத் தட்டுப்பட்டது. கட்டிதான் என்று முடிவுகட்டினேன். இருக்கிறதா, வளர்ந்துவிட்டதா என்று நாள் முழுக்க அழுத்திப் பார்த்ததில், இரவுக்குள் அங்கே வலியும் வந்துவிட்டது. வலியே வந்த பிறகு சந்தேகம் எதற்கு? மறுநாள் மருத்துவர் தம் சட்டை மேல் அதே இடத்தைத் தொட்டுக் காட்டி, "எனக்கும் இருக்கிறது" என்றார். எல்லாருக்கும் உள்ள குருத்தெலும்பு அது. வயது ஏற ஏற எலும்பாக இறுகும்.

வேடிக்கை என்னவென்றால், தனக்குப் பெரிய நோய் இருக்கிறதோ என்று ஓயாமல் அஞ்சுவதைக் குறிக்கும் ஹைப்போகாண்ட்ரியா என்ற சொல் பிறந்ததும் அந்தப் பக்கத்தில்தான். கிரேக்கத்தில் 'ஹைப்போ' என்றால் கீழே, 'காண்ட்ரோஸ்' என்றால் குருத்தெலும்பு. விலாக் குருத்தெலும்புகளுக்குக் கீழே, வலப்புறம் கல்லீரலும் இடப்புறம் மண்ணீரலும் இருக்கும் மேல்வயிறு. மனக்கலக்கம் தரும் கரும்பித்தத்துக்கு அதுவே இருப்பிடம் என்று பழைய மருத்துவர்கள் நம்பினார்கள். இடப்பெயர் மெல்ல நோயின் பெயராயிற்று. பயந்தால் 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்னும் நமக்கு இது விசித்திரமாகப் படாது. உளநோய்ப் பெயராக இருந்த அந்தச் சொல்லை அமெரிக்க உளநல மருத்துவச் சங்கம் 2013-இல் தன் கையேட்டிலிருந்து எடுத்துவிட்டது. அதற்குள் அது பாதி ஏச்சாகிவிட்டிருந்தது.

அந்தச் சொல்லைத் தமிழில் 'மனப்பிரமை', 'கற்பனை நோய்' என்று எழுதினால் அந்த ஏச்சுதான் மிஞ்சும். கட்டிதான் கற்பனை, வலி நிஜம். வலிச் செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்கு ஏறுகிறது. மூளையும் அதே தண்டுவடத்துக்குக் கட்டளை இறக்கி, அந்தச் செய்தியைத் தணிக்கவோ பெருக்கவோ செய்கிறது. வலிக்கப்போகிறது என்று கலங்கிக் காத்திருப்பவருக்குச் சின்ன வலியும் பெரிதாகத்தான் வந்து சேரும்.

ஆகவே 'நோயச்சம்' என்பதே என் தேர்வு. 'நோ' என்ற ஒரே அடியில் பிறந்தவை நோயும் நோவும். இலங்கைத் தமிழருக்கு இன்றும் தலை 'நோகும்'. "நோயெல்லாம் நோய்செய்தார் மேலவாம்" என்ற குறளில் நோய் என்பது துன்பம். வலிக்கு அஞ்சுவதும் பிணிக்கு அஞ்சுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. மாதக்கணக்கில் நீடித்து அன்றாடத்தையே குலைத்தால் 'நோயச்சக் கோளாறு' எனலாம். என்னுடையது ஒருநாள் நோயச்சம். தடவத் தைலம்கூட வாங்கி வைத்திருந்தேன்.