மூணு மாசமா ஒரு பிரச்சினையும் இல்லையே!

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணினிகளையும் சர்வரையும் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். தொழிலுக்கு வந்து பதினேழு வருடம். கூட ஒரு ஆள் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டபோது அவர் நிஜமான ஆச்சரியத்தோடு சொன்னார்: "மூணு மாசமா ஒரு பிரச்சினையும் இல்லையேப்பா, அப்புறம் எதுக்கு இன்னொரு ஆளு?"

கிண்டல் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை. நிட்டிங் மெஷின் ஓடினால் துணி வருகிறது, தையலில் ஆள் உட்கார்ந்தால் பீஸ் எண்ணிக்கை ஏறுகிறது; நான் வேலை செய்தால் என்ன வரும்? ஒன்றும் வராது. ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் சம்பளம். அதை அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த மூன்று மாதத்தில் ஒரு ராத்திரி சர்வரில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. நான்கு ஹார்டு டிஸ்கை ரெய்டு 5 (RAID 5) என்ற முறையில் சேர்த்து வைத்திருக்கிறோம். ஒன்று செத்தால், மீதி மூன்றில் இருப்பதை வைத்து அதில் இருந்ததைக் கணக்குப் போட்டு எடுத்துக் கொடுத்துவிடும், அதனால் பில் போடுகிறவர் போட்டுக்கொண்டே இருப்பார், யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் இரண்டாவது ஒன்று போனால் எல்லாமே போச்சு. நான்கும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே சூட்டில், ஒரே பஞ்சுத் தூசியில் ஓடியவை. புது டிஸ்கைப் போட்டபின் அதை நிரப்ப மற்ற மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். வயதான டிஸ்குகளுக்கு அந்தச் சில மணி நேரம்தான் கண்டம். பேக்கப்பை இன்னொரு முறை எடுத்து வைத்துக்கொண்டு, சதவீதம் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்த்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். காலை ஒன்பதரைக்கு முதல் போன் வந்தது. பிரின்டரில் பேப்பர் சிக்கிவிட்டதாம், உடனே வர வேண்டுமாம்.

அப்புறம் யூபிஎஸ் பேட்டரி. அறைச் சூடு பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுசு ஏறக்குறைய பாதியாகிவிடும், எங்கள் ஊர்க் கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, அதனால் பங்குனிக்கு முன்பே மாற்றினேன். வேலையை விட்டுப் போன நான்கு பேரின் லாகினை மூடினேன். சர்வர் ஃபேன்களில் அடைத்திருந்த பஞ்சை எடுத்தேன். இது உண்மையான தளம்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் இணையதளச் சர்ட்டிஃபிகேட்டைக் காலாவதிக்கு முன் புதுப்பித்தேன்.

சர்ட்டிஃபிகேட் என்றதும் சின்ன விஷயம்போலத் தோன்றும். 2018 டிசம்பர் 6 அன்று பிரிட்டனில் ஓ2 மொபைல் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் கோடிக்கணக்கானோருக்கு டேட்டா இல்லாமல் போனது எதனால் தெரியுமா? எரிக்சன் கொடுத்த மென்பொருளில் ஒரு சர்ட்டிஃபிகேட் காலாவதியானது, அவ்வளவுதான். இணையதளச் சர்ட்டிஃபிகேட்டின் அதிகபட்ச ஆயுள் முன்பு 398 நாள். இதை 2026 மார்ச்சில் 200 ஆகவும், 2029 மார்ச்சில் வெறும் 47 ஆகவும் குறைப்பதென்று முடிவாகிவிட்டது. பாதுகாப்புக்கு நல்லதுதான். வருடத்துக்கு ஒருமுறை பார்த்த வேலையை இனி வருடத்துக்கு எட்டு முறை பார்க்க வேண்டும் அல்லது தானாக நடக்கும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த ஏற்பாடு நடக்கிறதா என்று பார்க்கவும் ஒருவர் வேண்டும்.

எங்கள் வேலை எல்லோர் கண்ணிலும் பட்ட நாள் ஒன்று உண்டு. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு நம் நேரப்படி காலை 9.39-க்கு ஒரு அப்டேட் வந்தது, அதில் பிழை. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள், ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன. விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படங்களில் இல்லாதவர்களைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். கணினி ஆன் ஆனால்தானே நெட்வொர்க் வழியாகச் சரிசெய்ய முடியும்? அது ஆன் ஆகும்போதே விழுந்துகொண்டிருந்தது. ஆகவே பலவற்றில் ஒருவர் நேரில் போய், சேஃப் மோடில் திறந்து, குறிப்பிட்ட ஒரே ஒரு ஃபைலை அழித்துவிட்டு மறுபடி ஆன் செய்ய வேண்டியிருந்தது. டிஸ்கை விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பூட்டைப் போட்டுப் பூட்டியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 48 இலக்கச் சாவி எண்ணைத் தட்ட வேண்டும். அந்தச் சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சர்வரே நீலத் திரையில் நின்றிருந்தால்? சில கணினிகள் பதினைந்து முறைவரை ரீஸ்டார்ட் செய்தால் எழுந்துகொள்கின்றன என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. "அணைச்சிட்டுப் போடுங்க" என்று நாங்கள் சொல்லும்போது சிரித்தவர்கள் கவனிக்கவும். எங்கள் நிறுவனத்தில் அந்த மென்பொருள் இல்லை, அதனால் எனக்கு அது வேடிக்கை பார்த்த நாள். இருந்தாலும் அன்று எத்தனை பேர் சாவி எண்களை அச்செடுத்த தாளோடு மாடி மாடியாக ஏறி இறங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் கால் வலிக்கிறது.

அடுத்த வெள்ளி, ஜூலை 26, சிஸ்டம் அட்மின்களைப் பாராட்டும் நாள். அப்படி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. ஜூலை மாதக் கடைசி வெள்ளி. அமெரிக்காவில் டெட் கெகாடோஸ் என்ற அட்மின் 2000-இல் தொடங்கி வைத்தார். கேக் வெட்டுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் கேக்கைவிட எங்களுக்குத் தேவைப்படுவது மாதம் ஒரு சனிக்கிழமை.

சனிக்கிழமை எதற்கு? ரீஸ்டோர் செய்து பார்க்க. பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள், எடுத்ததைத் திரும்ப ஏற்றிப் பார்த்தவர் குறைவு. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுகிறவர்களின் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் ராத்திரி நேரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பொறியாளர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸையே அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தினார், அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால், ஐந்து வழிகளில் ஒன்றும் நம்பும்படி இல்லை. பேக்கப் எடுக்கும் நிரல் பழைய பதிப்பு, டேட்டாபேஸ் புதிய பதிப்பு, அதனால் அது தினமும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றேன் என்று அது அனுப்பிய மெயில்களும் யாருக்கும் போய்ச் சேராமல் நிராகரிக்கப்பட்டிருக்கின்றன! ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்த நகல்தான் காப்பாற்றியது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டார்கள், சரிசெய்யும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியது.

அதைப் படித்த மறுவாரம் எங்கள் பேக்கப்பை எடுத்துத் தனிக் கணினி ஒன்றில் ஏற்றினேன். கணக்கு டேட்டா வந்தது. டிசைன் படங்கள் இருந்த ஃபோல்டர் காலி. எட்டு மாதத்துக்கு முன் யாரோ ஃபோல்டர் பெயரை மாற்றியிருக்கிறார்கள், பேக்கப் பழைய பெயரையே தேடித் தேடி, ஒன்றும் கிடைக்காமல், ஒவ்வொரு நாளும் "வெற்றி" என்று பச்சை நிறத்தில் எழுதியிருக்கிறது. எட்டு மாதமும் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறேன். அன்று டீ குடிக்கக்கூடப் போகவில்லை.

இதில் எங்கள் தப்பும் இருக்கிறது. நாங்கள் பேசமாட்டோம். கேட்டால் "சர்வர்ல சின்ன வேலை" என்போம், கேட்டவர் நகர்ந்துவிடுவார். ஆண்டை இரண்டு இலக்கத்தில் மட்டும் வைத்திருந்த கணினிகள் 2000-ஐ 1900 என்று எடுத்துக்கொண்டு குழம்பும் என்று பயந்தார்கள். 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அவை நிற்கவில்லை என்றதும் "சும்மா பயம் காட்டினாங்க" என்றுதான் உலகமே பேசியது. வருடக்கணக்கில் உட்கார்ந்து தேதிகளைத் திருத்தியவர்கள் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்னது யார் காதிலும் விழவில்லை.

அதனால் இப்போது மாதக் கடைசியில் முதலாளிக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிறேன். செய்த வேலை என்று இல்லாமல், செய்யாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று. இன்ன தேதியில் டிஸ்க் மாற்றினேன், இல்லாவிட்டால் அந்த வாரத்து ஷிப்மென்ட் இன்வாய்ஸ்களைக் கையால் எழுதியிருப்போம். சிஸ்டத்தில் நடந்தவற்றின் பதிவுகளான லாக்குகளை 180 நாள் வைத்திருக்கிறேன், ஏனென்றால் 2022-இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு அப்படி. யாராவது உள்ளே புகுந்தால் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்கவும் வேண்டும், அந்த நேரம் நான் தூங்கிக்கொண்டிருந்தால் தெரிவிக்க ஆளில்லை. இந்தக் கடைசி வரியை வேண்டுமென்றேதான் சேர்த்தேன்.

உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவருக்கு ஏதாவது செய்ய நினைத்தால், "சிஸ்டம் ஒர்க் ஆகலை" என்று சொல்வதற்குப் பதில் திரையில் வந்ததை அப்படியே போனில் படமெடுத்து அனுப்புங்கள். எங்கள் அக்கவுன்ட்ஸ் அக்கா ஒருவர் அப்படித்தான் அனுப்புவார், எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன் எதைத் தொட்டேன் என்பது உட்பட. அவர் பிரச்சினை மட்டும் பத்து நிமிடத்தில் தீர்வது ஏன் என்று மற்றவர்களுக்கு இன்னும் புரியவில்லை. உங்கள் அட்மின் டவுன்டைம், அதாவது சிஸ்டத்தை நிறுத்தி வேலை பார்க்கக் கொஞ்ச நேரம், கேட்டால், மாதக் கடைசி, ஆடிட்டிங், ஷிப்மென்ட் என்று ஒவ்வொரு வாரமும் தள்ளாதீர்கள். தள்ளிக்கொண்டே போனால் ஒருநாள் சர்வரே தேதி குறித்துக்கொள்ளும்.

மூன்றாவது மாதப் பக்கத்தைப் படித்துவிட்டு முதலாளி கூப்பிட்டார். "இந்த பேட்டரிய மாத்தலைன்னா என்னப்பா ஆயிருக்கும்?" எல்லாம் ஒழுங்காக ஓடும்போது அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். முக்கால் மணி நேரம் பேசினோம். தையில் ஒரு தம்பி வேலைக்குச் சேர்ந்தான்.

இந்த வருடம் ஊர் நோம்பிக்கு நான்கு நாள் போய் வந்தேன். நான்கு நாளில் போன் இரண்டு முறைதான் அடித்தது. இரண்டும் மச்சான், லேப்டாப் மெதுவாக இருக்கிறதாம்.